என் நாய் இல்லை

காலர் கருகிய நாற்றம் வந்த பிறகுதான், இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

யாருடைய சட்டையோ. அதற்கு வேறு பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் என் கண், கடைக்கு எதிரே வந்து நின்ற வண்டியை விட்டு நகர மறுத்தது. பின்பக்கம் கம்பிவலை அடித்த வண்டி. நாய் பிடிக்கிற வண்டி.

வாசல் மிதியடியில் படுத்திருந்த துரை தலையைக்கூடத் தூக்கவில்லை. யார் வந்தாலும் போனாலும் ஐயா எழுந்திருக்க மாட்டார். அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயர்.

வண்டியிலிருந்து இறங்கிய அதிகாரியம்மா கையில் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி இருந்தது.

"இந்த நாய் யாருது?"

நான் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தேன், அந்தப் பக்கம் போனேன். மடித்து வைத்திருந்த சட்டை ஒன்றைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

இந்த மாதத்திலிருந்து புதுச் சட்டம். ஒவ்வொரு நாயின் கழுத்துத் தோலுக்கு அடியிலும் அரிசி அளவுக்கு ஒரு சிப் வைக்க வேண்டும். கருவியை வைத்துப் பார்த்தால் சொந்தக்காரர் யாரென்று தெரிந்துவிடும். கூடவே இன்சூரன்ஸும் எடுக்க வேண்டும். நாய்க்கு இன்சூரன்ஸாம்! எனக்கே கிடையாது.

சிப் இல்லாத நாய் யாரையாவது கடித்தால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றிய நாய் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

துரை கடித்துவிட்டானாம். காலையில் மாடிவீட்டம்மா வந்து சொல்லிவிட்டுப் போனாள். பார்சல் கொண்டுவருகிறவரைக் கடைத்தெருவில் பார்த்தாளாம், கையில் இவ்வளவு பெரிய கட்டாம், உன் நாயைத் தவிர வேறு எது கடித்திருக்கும் என்றாள்.

கையிலா? துரை நிமிர்ந்து நின்றாலே அவர் முழங்காலுக்குத்தான் வருவான். ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்!

அந்த ஆளுக்கும் துரைக்கும் ஆகவே ஆகாது. தெருமுனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், எழுந்திருக்காத துரை எழுந்து ஊரைக் கூட்டிவிடுவான். அவர் பார்சலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "அக்கா, உங்க நாயைக் கொஞ்சம் பிடிங்க" என்பார். "என் நாயா? அது பாட்டுக்கு இங்க வந்து படுத்துக்குது" என்பேன் நான். தினமும் இதே கூத்து.

இப்போது போட்டுக் கொடுத்துவிட்டார், பாவி.

என் நாய் இல்லை என்று சொன்னால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். என் நாய் என்றால் அபராதம், வைத்தியச் செலவு எல்லாம் என் தலையில் விடியும். கடை இருக்கிற இருப்புக்கு அதைத் தாங்காது.

அதிகாரியம்மா மிதியடி பக்கம் குனிந்தார். துரை அவரை முகர்ந்து பார்த்தான், சோம்பல் முறித்தான், உள்ளே வந்து என் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

முந்தாநாள் மதியம் எங்கேயோ ஊர்சுற்றிவிட்டு வந்ததிலிருந்து கழுத்தைத் தொடவிடாமல் முறைத்துக்கொண்டு திரிந்தவன். இன்றைக்குப் பார்த்துப் பாசம் பொங்குகிறது அவனுக்கு.

காலில் அந்தச் சூடு பட்டதும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது.

"என் நாய்தாங்க. நான்தான் வளர்க்கறேன். என்ன அபராதமோ என் பேர்ல எழுதிக்குங்க, அவனை மட்டும் விட்டுடுங்க."

அவர் கருவியைத் துரையின் கழுத்தருகே கொண்டுபோனார். துரை உறுமினான்.

கருவி 'பீப்' என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தன் செல்போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிப் இருக்கேம்மா. இன்சூரன்ஸும் இருக்கு. ஆனா உங்க பேர் இல்லையே?"

சொல்லிவிட்டு அந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

என் பேர் இல்லையென்றால் வேறு யார்? எந்த வீட்டிலிருந்து ஓடி வந்தவன் இவன்? இத்தனை நாளும் அடுத்தவர் பிள்ளைக்கா நான் சோறு போட்டேன்? இப்போது யாரோ வந்து கூட்டிக்கொண்டு போகப் போகிறார்களா? துரையின் முதுகை விட்டு என் கையை எடுக்க முடியவில்லை.

தெருமுனையில் போன் மணி அடித்தது.

துரை எழுந்து ஊரைக் கூட்ட ஆரம்பித்தான்.

பார்சல்காரர்தான் வந்துகொண்டிருந்தார். வலது கையில் கட்டு. பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கத் தடுமாறினார்.

"நீங்களா?" என்றேன்.

அவர் மிதியடிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். "நீங்கதான் தினமும் உங்க நாய் இல்லன்னு சொல்றீங்களே. யாராவது ஒருத்தர் பேர் வேணுமில்லக்கா. முந்தாநாள் பிஸ்கட்டைக் காட்டி வண்டியில ஏத்திட்டுப் போனேன்."

"அப்போ உங்களைக் கடிச்சது?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

"இவன்தான். டாக்டர் சிப் ஊசியைக் குத்தறப்போ நான்தானே பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

மாடிவீட்டு ஜன்னல் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நாய் வண்டியும் காலியாகவே கிளம்பிப் போனது.

துரைக்கு எந்த நன்றியும் இல்லை. பல்லைக் காட்டிக் குரைத்துக்கொண்டே இருந்தான். அவர் வழக்கம்போலப் பார்சலைத் தலைக்கு மேல் தூக்கினார், இன்றைக்கு ஒற்றைக் கையால்.

"அக்கா, உங்க நாயைக் கொஞ்சம் பிடிங்க."

என் நாயைப் பிடித்துக்கொண்டேன்.