விரிய மறுத்த குடை

தில்லைநாயகி டீச்சரின் கைப்பைக்குள் கறுப்புக் குடையும் வைட்டமின் டி மாத்திரை அட்டையும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. டீச்சர் மேல் ஒரு பொட்டு வெயில் பட விட்டதில்லை என்று குடைக்கு ஏகப் பெருமை.

"பெருமையைப் பாரு!" என்று ஒருநாள் மாத்திரை பொரிந்து தள்ளியது. "டாக்டர் எங்களோட சேர்த்து வெயிலையும்தானே எழுதிக்கொடுத்தாரு? நாங்க வாரம் ஒருத்தரா உள்ளே போறோம். நீ வெயிலைக் கிட்டவே விடமாட்டேங்கறே. அப்புறம் முழங்கால் வலி எப்படிக் குறையும்?"

குடைக்கு முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் டீச்சர் மொட்டைமாடியில் வடகம் பிழிந்தார். காக்கை வராமலிருக்கக் குடையைப் பக்கத்தில் விரித்துவைத்துவிட்டு, நிழலுக்குள் போய்விட்டார். வடகத்துக்கு வெயில், பக்கத்தில் காயப்போட்ட தலையணைக்குக்கூட வெயில், டீச்சருக்கு மட்டும் நிழலா? குடை யோசித்தது. லேசாகக் காற்று வீசியதும் அதையே சாக்காக வைத்துப் பொத்தென்று மடங்கிக்கொண்டது.

"என்ன, இன்னிக்கு லீவா?" என்று காக்கை வந்து இறங்கியது.

"ரெண்டு வடகம் எடுத்துக்கோ. ஆனா ஊரே கேக்கற மாதிரி கத்திட்டு எடு" என்றது குடை.

காக்கை கத்திய கத்தலில் டீச்சர் பதறிக்கொண்டு வந்தார். குடையின் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். விரிவேனா என்று அது அடம்பிடித்தது. வேறு வழியில்லாமல் ஒரு ஸ்டூலைப் போட்டு வெயிலிலேயே காவலுக்கு உட்கார்ந்தார்.

நாலு நாளில் வடகம் காய்ந்து டப்பாவுக்குள் போய்விட்டது. ஐந்தாம் நாளும் டீச்சர் மாடி வெயிலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அன்று அவர் காவல் காத்தது, காக்கைகூடச் சீந்தாத காய்ந்த மிளகாயை!