பதிமூணு அடி

“எட்டு அடி போதாதாம். பதிமூணு அடி வேணுமாம் அந்த மகராசனுக்கு!”

நகரசபைக் கூட்டத்திலிருந்து திரும்பிய நொரீன், கைப்பையைச் சோபாவில் வீசினாள். பின்னாலேயே வந்தாள் பக்கத்து வீட்டு பேட்டி. சண்டை என்றால் பேட்டிக்குச் சாப்பாடே வேண்டாம்.

பெரும்புயலில் கடல் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனதிலிருந்து, அந்தக் கரையோரத் தெருவில் ஒவ்வொரு வீடாக அப்படியே தூக்கித் தூண் மேல் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு அடியாவது தூக்க வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். நொரீன் வீடு போன வருஷமே ஏறிவிட்டது. எதிரே, தண்ணீரை ஒட்டி நின்ற கார்மைன் வீடுதான் பாக்கி.

அது குட்டையான, தட்டைக் கூரை வீடு. அந்தக் கூரைக்கு மேலாகத்தான் வால்ட் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வால்ட், நொரீனின் கணவர். நியூயார்க் போகும் பயணப் படகை ஆயுசெல்லாம் ஓட்டியவர். பக்கவாதத்தில் பேச்சும் போய், சக்கர நாற்காலியோடு ஜன்னலோரம் ஒதுங்கிவிட்டார். வளைகுடாத் தண்ணீர், அதில் போகும் படகு, அக்கரையில் நியூயார்க் கட்டடங்கள். அவருக்கு மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

“எட்டு அடி தூக்கினாலே இவருக்கு முன்னாடி சுவருதான். சரி, சட்டம். கூரைக்கு மேல கொஞ்சம் வானமாவது தெரியும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பதிமூணுன்னா அதுவும் போச்சே!”

“எதுக்காம் அவ்வளவு உயரம்?”

“கேட்டாங்க. ‘அது என் சொந்த விஷயம்’னுட்டான். அவங்களும் தலையாட்டிட்டாங்க.”

“கீழே கராஜ்கூடக் கட்டலையாம் நொரீன். சும்மா திறந்து போடப் போறானாம். முட்டி வலிக்காரன், அத்தனை படி எப்படித்தான் ஏறுவானோ!”

“கொழுப்பு! ஊரையே குனிஞ்சு பாக்கணும், வேற என்ன?”

வால்ட் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அழைப்பு மணி. கார்மைன் கையில் பேக்கரிப் பெட்டியோடு நின்றார்.

“நொரீன், ஒரு நிமிஷம். வால்ட் விஷயமாத்தான்...”

“அவர் பேரை எடுக்காதீங்க! கண்ணைப் பிடுங்கிட்டு இனிப்பு வேற குடுக்க வந்தீங்களா?”

படாரென்று கதவைச் சாத்தினாள். பெட்டியைப் படியில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அதை அவள் தொடவே இல்லை.

அந்தச் சனிக்கிழமையே வீடு தூக்கும் நாள் வந்தது.

வீடு தூக்குகிறார்கள் என்றால் அந்தத் தெருவில் திருவிழாதான். காலையிலேயே மடக்கு நாற்காலி, காபி, டோனட் சகிதம் எல்லோரும் ஆஜர். தூக்கப்போகும் வீட்டின் சமையலறை மேடையில் ததும்பத் ததும்ப ஒரு கோப்பை வைன் வைத்துவிட்டு, சிந்துமா சிந்தாதா என்று பந்தயம் கட்டுவது வழக்கம்.

நொரீன் வரமாட்டேன் என்றுதான் இருந்தாள். சத்தம் கேட்டதும் கால் நிற்கவில்லை.

வீட்டுக்கு அடியில் இரும்பு உத்தரங்கள். அவற்றுக்கு அடியில் ஜாக்கிகள். மேஸ்திரி கையைக் காட்டினார். எங்கேயோ ஒரு முனகல் கிளம்பியது. அம்மாடி! வாசற்படியை விட்டு வீடு பிரிந்தது. நாற்பது வருஷமாக மண்ணில் கிடந்த வீடு, ஜன்னல் திரையோடு, விளிம்பில் வைத்த பூந்தொட்டியோடு, ஓர் இலைகூட ஆடாமல் எழும்பிக்கொண்டே போனது.

பேட்டி கடித்த டோனட்டை மெல்ல மறந்துவிட்டாள். நொரீனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடவுளே, மனுஷங்களால இப்படிக்கூட முடியுமா? அத்தனை ஆத்திரத்திலும் அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

எட்டு அடியில் கொஞ்சம் நின்றது. மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். திரும்பவும் ஏற ஆரம்பித்தது.

“இந்தக் கார்மைன் எங்கே? தன் வீடு வானத்துக்குப் போறப்ப ஆளையே காணோமே!” என்றாள் பேட்டி.

மேஸ்திரி கைபேசியைக் காதில் வைத்து யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். “போதுமா? இன்னும் தூக்கவா?”

அப்போதுதான் நொரீனுக்குச் சுருக்கென்றது. ஐயோ, வால்ட்! நாம இங்கே வாயைப் பிளந்துட்டு நிக்கிறோம். அங்கே அந்த மனுஷன் கண்ணு முன்னாடி சுவர் எழும்புறதைத் தனியா உக்காந்து பார்த்துட்டு இருப்பாரே! திரையையாவது இழுத்து விட்டிருக்கலாமே, பாவி!

ஓடினாள். தூண் வீட்டுப் படிகளை மூச்சிரைக்க ஏறினாள். பூட்டாமல் விட்டுப் போன கதவு திறந்தே கிடந்தது.

சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் மண்டியிட்டு, வால்ட்டின் கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார் கார்மைன். வால்ட்டின் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாய் கோணலாகச் சிரித்தது.

நொரீனும் பார்த்தாள். எதிரே சுவர் இல்லை. தூக்கிய வீட்டுக்கு அடியில், வாசல் திறந்தாற்போல, வளைகுடா முழுசும் பளபளவென்று கிடந்தது. கூரைக்கு மேலாக இத்தனை நாள் பார்த்ததெல்லாம் இதில் பாதிகூட இல்லை.

அவள் வந்ததைக்கூட கார்மைன் கவனிக்கவில்லை. கைபேசியில் கத்தினார்:

“நிறுத்தாதேப்பா, இன்னும் தூக்கு! வால்ட்டுக்குத் தண்ணி தெரியுது, படகு தெரியுது. நியூயார்க் இன்னும் கழுத்து வரைக்கும்தான் தெரியுது!”