மூன்று படி குளிர்ந்த பிளக்

மதியம் பன்னிரண்டரைக்கு அந்தப் பழைய கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் வந்து இருமியது.

இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவன் பருமன், இன்னொருவன் ஒல்லி. கடைக்குள் வந்தும் இருவரும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“நாலு ஸ்பார்க் பிளக் வேணும்க்கா. இந்த வண்டிக்கு எது சரியோ அதக் குடுங்க” என்றான் பருமன்.

“எப்படி ஓட்டுவீங்க?” என்று கேட்டாள் கடைக்காரி.

“அதுக்கும் பிளக்குக்கும் என்னக்கா சம்பந்தம்?”

“பொண்ணு குடுக்கிற மாதிரிதான். விசாரிக்காம குடுக்க முடியாது. மெதுவா ஓடி, நின்னு நின்னு போற வண்டின்னா சூடு பிளக். முனை சூடாவே இருக்கும், படியற கரிய அதுவே எரிச்சுடும். எப்பவும் விரட்டி ஓட்டுற வண்டிக்குக் குளிர் பிளக். அதப் போட்டுட்டு சும்மா நின்னீங்க, கரி புடிச்சு வண்டி படுத்துடும். உங்களுது ஆயில் குடிக்கிற வண்டி வேற.”

“ஒரு மணி நேரம் இன்ஜின் ஓடிக்கிட்டே நிக்கணும். அப்புறம் பறக்கணும்” என்றான் ஒல்லி.

“நிக்கும்போது ஆஃப் பண்ணிக்கலாமே?”

“ஆஃப் பண்ணா மறுபடி கிளம்ப இதோட கால்ல விழணும். அந்த நேரத்துல அதுக்கு ஏது அவகாசம்?”

பருமன் அவன் காலை மிதித்தான். மிதித்தவன் கண் தெருவின் எதிர்ப்பக்கம் போய் வந்தது. அங்கே இருந்தது நகைக்கடை. அதில் மோதிரம் விற்பவள் கடைக்காரியின் ஒரே மகள்.

கடைக்காரியும் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். “எடுத்துட்டு வரேன்” என்று பின்கட்டுக்குப் போனாள்.

அங்கே மெக்கானிக்கான அவள் கணவர் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன.

“என்னங்க, கொள்ளைக்காரங்க வந்திருக்காங்க.”

“என்ன வேணுமாம்?”

“பிளக்.”

கால்கள் யோசித்தன. “போலீசுக்குச் சொல்லேன்.”

“என்னன்னு? ரெண்டு பேர் கண்ணாடி போட்டுக்கிட்டு பிளக் கேக்கறாங்கன்னா? எதிர்க்கடையில நம்ம பொண்ணு நிக்கறா. இவனுங்க வண்டி ஓடக் கூடாது. வேண்டியதவிட மூணு படி குளிர்ந்ததா எடுத்திருக்கேன், மாட்டி விடுங்க. கேட்டா சூடு பிளக்குனு சொல்லுங்க.”

அவர் வெளியே ஊர்ந்து வந்தார். மாட்டினார். கரி சீக்கிரம் பிடிக்கட்டும் என்று, கையோடு கார்பரேட்டரில் பெட்ரோலையும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

“நல்லா இருப்பீங்கண்ணே” என்றான் ஒல்லி.

அவள் மகளைப் போனில் கூப்பிட்டாள். “தலவலின்னு சொல்லிட்டு உடனே கிளம்பி வா.”

“எனக்குத் தல வலிக்கலையே. கூட்டமா இருக்கும்மா, வச்சிடு.”

கார் நகைக்கடைக்குச் சற்றுத் தள்ளி, மர நிழலில் போய் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த இருவரும் நகைக்கடை வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புகை முதலில் சாம்பலாக வந்தது, பிறகு கறுத்தது. கணவனும் மனைவியும் கல்லாவுக்குப் பின்னால் நின்று, அடுப்பில் பாலை வைத்தவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நகைக்கடைக் கதவு திறந்தது. வாடிக்கையாளர்கள் மூவர் பைகளோடு வெளியே வந்து, ஒரு வெள்ளைக் காரில் ஏறிப் போனார்கள்.

பழைய கார் சட்டென்று பாய்ந்தது. இரண்டு முறை விக்கியது. நடுத்தெருவில் நின்றது.

ஒல்லி குதித்து இறங்கித் தள்ளினான். பருமன் பானட்டைத் திறந்தான். உள்ளிருந்து வந்த புகையில் முகம் கறுத்து, டயரை உதைத்தான். தெருவே வேடிக்கை பார்த்தது.

“படுத்துடுச்சுங்க” என்று அவள் கணவரின் முதுகில் ஓங்கித் தட்டினாள். “நகைக்கடைக்குள்ள காலே வைக்கல, அதுக்குள்ள பயந்து கிளம்பிட்டானுங்க பாருங்க.”

“யாரு மாட்டினது?” என்றார் அவர்.

“யாரு எடுத்துக் குடுத்தது?”

போன் அடித்தது. மகள்.

“அம்மா, பயப்படாத, எனக்கு ஒண்ணும் ஆகல. மூணு பேரு துப்பாக்கியக் காட்டி ரெண்டு தட்டு மோதிரத்த அள்ளிக்கிட்டு இப்பதான் வெள்ளைக் கார்ல போறாங்க.”

அவள் போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள் பருமன் கடைக்குள் வந்துவிட்டார். கல்லாவின் மேல் இரண்டு பொருட்களை வைத்தார். ஒன்று, கரி அப்பிய பிளக். மற்றது, அவருடைய போலீஸ் அடையாள அட்டை.

“ஒரு வாரமா அவனுங்களுக்காகக் காத்திருந்தோம்க்கா. சொல்லுங்க, இதுக்கு உங்களுக்கு எவ்வளவு பங்கு தரேன்னானுங்க?”