கயிறு யார் கையில்?

“கயிறைப் பிடிக்க ஹீரோ இருக்கார். உன் ஆளைப் படகிலேர்ந்து இறங்கச் சொல்லு” என்றார் டைரக்டர் சக்கரபாணி.

சென்னையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் சமஸ்கிருத நாடகம் போட்டுப் பெயர் வாங்கியவர். அவர் எடுத்த இரண்டு படங்களும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஜனங்களுக்கு மூளை போதாது என்பது அவர் கட்சி. மூன்றாவதாக முத்துக்குளிப்பைப் படமெடுக்கத் தூத்துக்குடிக்கு வந்திருந்தார். கரையில் குடைக்கடியில் தயாரிப்பாளர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

படத்துக்காகக் கடலில் மூழ்க வந்திருந்த சங்கு குளிக்கும் ரோச் அசையவில்லை.

“என் மச்சான் வில்பிரட் பிடிச்சாத்தான் முங்குவேன் சார். நான் அடியிலேர்ந்து கயிறை அசைக்கும்போது, மேல இழுக்காம வேற ஆளு பராக்குப் பாத்துட்டு நிப்பான். இவனுக்குன்னா தங்கச்சி தாலி நெனப்பு இருக்கும்.”

சக்கரபாணி யூனிட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“பொண்டாட்டியோட அண்ணன் தயவுல மூச்சு விடறதெல்லாம் ஒரு பிழைப்பா? வெட்கமா இல்லை? என்னைப் பாரு. பதினஞ்சு வருஷமா எவன் தயவும் இல்லாம நிக்கறேன்.”

குடைக்கடியிலிருந்து தயாரிப்பாளர் எழுந்து வந்தார்.

“அவன் கேட்ட ஆளையே விட்டுச் சீக்கிரம் முடிங்க, மாப்பிள்ளை. தங்கச்சி கண்ணைக் கசக்கினாளேன்னுதான் இந்தப் படத்துக்கும் பணம் போட்டேன். இனிமே என்னால முடியாது.”

யூனிட் முழுக்கக் கடலைப் பார்த்தது.

ரோச் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

“ஏலே மச்சான், சாரும் நம்ம கூட்டந்தாம்லே. என்ன, நான் மூச்சு முட்டுமுன்ன மேல வந்துருவேன். இவரு மூணு படமா உள்ளயே கெடக்காரு!”