அடியில் ஒரு பொட்டு

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

சாப்பிட்ட கையோடு ஃபேக்டரி மொத்தமும் தூங்கப் போயிற்று. பட்டப்பகலில். மேஜையில் தலை கவிழ்த்துச் சிலர். அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டுச் சிலர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் ஃபோர்க்லிஃப்ட்டிலேயே. ஆளுக்கொரு குட்டித் தலையணை வேறு.

சீனாவில் இது வழக்கம்தான் என்று மொழிபெயர்க்க வந்த பெண் ஷென் சொல்லிவிட்டு, அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் நம்பவில்லை.

இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தூக்கம் வரும்?

பல்லடத்திலிருந்து கம்ப்ரசர் பார்த்து வாங்க வந்தவன் அவன். தறிக்கெல்லாம் காற்று கொடுக்கப்போகிற கம்ப்ரசர். காலையில்தான் ஓட்டிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

வரிசையில் பன்னிரண்டு நின்றன. எல்லாம் ஒரே பச்சை. ஒரே உயரம். அவன் பார்த்தது நான்காவது. நம்பர் பொறித்த தகடு இருக்கிறதே என்றால், அது நான்கு திருகாணியில் நிற்கிறது. திருகாணி கழற்றத் தெரியாதவன் அங்கே யார்?

காலையில் முதலாளி சென்னியப்பன் போனில் சொன்னது காதிலேயே நின்றது.

"கண்ணு, அவனுங்க காட்டறது ஒண்ணு, ஏத்தி உடறது ஒண்ணு. போன வருசம் கொளந்தவேலு பாத்து சரின்ன மிசினு வேற, இங்க வந்து எறங்குன மிசினு வேற. அவன் இப்ப வேல போயி ஊட்ல குக்கீட்டு இருக்கறான். நீயும் போய்த் தொணைக்குக் குக்கோணுமா?"

அவன் பர்ஸைத் திறந்தான்.

உள்ளே மருதமலைக் குங்குமம். மனைவி மடித்து வைத்தது. ஃபிளாஸ்கில் அவர்கள் ஓயாமல் ஊற்றித் தரும் வெந்நீர் இருந்தது. அவன் ஒரு வாய் குடிக்கவில்லை. எதற்குக் கொடுக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இப்போது இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தான்.

பூனை மாதிரி நடந்தான். இரும்பு முனை வைத்த பூட்ஸோடு எவ்வளவு பூனையாக முடியுமோ அவ்வளவு. அவனுடைய சொந்த ஷூ வாசலில் அலமாரியில் இருந்தது; அதைக் கழற்றாமல் உள்ளே விடமாட்டார்கள்.

நான்காவது கம்ப்ரசருக்கு அடியில் மல்லாந்து படுத்தான். படுத்துப் பார்த்தால் மட்டுமே கண்ணில் படும் இடத்தில் ஒரு பொட்டு வைத்தான்.

அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஒரு குறட்டை பாதியில் நின்றது.

பிறகு மறுபடி தொடங்கியது. கொஞ்சம் அதிகச் சத்தமாக.

மறுநாள் வந்ததும் முதல் வேலையாகப் படுத்தான். பொட்டு இருந்தது. மனசு லேசாகி எழுந்தவனுக்கு என்ன தோன்றியதோ, மூன்றாவதற்கு அடியிலும் படுத்தான்.

அங்கேயும் ஒரு பொட்டு.

ஐந்தாவதில். ஏழாவதில். பன்னிரண்டிலும். அதே அளவு. அதே இடம்.

ஷென் குனிந்து பார்த்தாள்.

"நீங்க ஒண்ணுக்கு மட்டும் வெச்சிருந்தீங்களாம். மத்ததெல்லாம் கோவிச்சுக்குமேன்னு ஃபோர்மேன் காவ் வெச்சுட்டாராம்."

ஃபோர்மேன் காவ் ஃபிளாஸ்கைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். ஒரு சுருக்கம் அசையாத முகம். வந்த அன்றைக்கே, போன வருஷம் வந்தவர் ஏன் வரவில்லை என்று கேட்டவர் அவர்தான். உடம்பு சரியில்லை என்று அவன் சொல்லி வைத்தான். அப்போதும் இப்படித்தான் தலையாட்டினார்.

பெட்டி அடிக்கிறவர்கள் ஆணியும் பலகையுமாக வந்து நின்றார்கள். அவன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அவன் முகர்ந்து பார்த்தான்.

ஆமாம். பல்லடத்து இன்ஜினியர், பேண்ட் சட்டையோடு, ஒவ்வொரு கம்ப்ரசருக்கு அடியிலும் நுழைந்து மூக்கை வைத்தான். முதலாவதில் எண்ணெய் வாடை. ஆபீஸில் முத்திரை குத்துகிற சிவப்பு மை. இரண்டாவதிலும் அதே மை. மூன்றாவதிலும்.

நான்காவதில் மஞ்சள் வாசனை. மருதமலை.

விடுவானா? மீதி எட்டையும் முகர்ந்தான். மை. மை. எல்லாம் மை.

ஃபேக்டரியே நின்று பார்த்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு இடித்தது.

நான்காவதை மறுபடி ஓட்டச் சொன்னான். நேற்றைய அதே ஓட்டம். மாற்றவில்லை. உண்மையைச் சொன்னால், அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கையெழுத்துப் போட்டான். கடைசி ஆணி இறங்கும் வரை பெட்டியை விட்டு நகரவில்லை.

வாசலில் பூட்ஸைக் கழற்றித் தன் ஷூவை மாட்டிக்கொண்டான். காவ் வந்து கை குலுக்கினார். அடுத்த வருஷமும் இதே ஆள்தானே வருவார் என்று ஷென் மூலம் கேட்டார். கையை உடனே விடவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாங்காய் விமான நிலையத்தில் ஷூவைக் கழற்றி டிரேயில் வைக்கச் சொன்னார்கள்.

வைத்தான். வலது ஷூ ஒருக்களித்து விழுந்தது.

குதிகாலுக்கு முன்னால், தரை தொடாத குழிவில், சிவப்பாக ஒரு பொட்டு.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அவன் ஷூவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான்.