ஒரிஜினல் சர்டிஃபிகேட்

இலக்கியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலி அது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கீழ ராஜ வீதிக் கூட்டத்தில் பாதி அந்த ஜவுளிக்கடையின் முதல் மாடியில்தான் நின்றது.

சேலை எடுத்துக் காட்டும் பெண்கள் அங்கே உட்காரக் கூடாது. உட்காரலாம் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் சம்பளம் கொடுப்பது சட்டம் இல்லையே, கடைதானே.

அவள் சீசனுக்கு எடுத்த ஆள். மூன்று மாத வேலை. சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை அத்தனை ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் வாங்கிப் பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள். பாதியில் ஓடிவிடக் கூடாதாம். சேலை மடித்து வைக்கிற வேலைக்கு இயற்பியல் பட்டத்தைப் பிடித்து வைப்பது என்ன நியாயம் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். வீட்டில் அரிசி டப்பா காலியாக இருந்தது. அதனால் கேட்கவில்லை.

நாளைக் காலையில் கூட்டுறவுச் சங்க வேலைக்கு நேர்முகத் தேர்வு. நிரந்தர வேலை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஒரிஜினல் இல்லாமல் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

காலையிலேயே சூப்பர்வைசர் திருப்பதியிடம் கேட்டாள். முதலாளியைக் கேட்க வேண்டும் என்றான். மதியம் கேட்டாள். முதலாளி காரைக்குடியில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை என்றான். மூன்றாவது தடவை போய் நின்றபோது, வியாபார நேரத்தில் தொணதொணக்காதே என்று எல்லார் முன்னாலும் விரட்டினான்.

அப்படியே திரும்பி வந்தவள்தான், உட்கார்ந்துவிட்டாள்.

ஆலங்குடியிலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு அம்மாள் மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலையைக் காட்டிக் கேட்டபடி நின்றார். எடுத்துப் போட ஆள் இல்லை.

திருப்பதி ஓடி வந்தான்.

"ஏய், எந்திரி. கஸ்டமரெல்லாம் பாக்குறாங்க."

"பாக்கட்டும்ணே. என் சர்டிஃபிகேட்டக் குடுங்க, எந்திரிக்கிறேன்."

பாத்ரூம் போவதற்கு டோக்கன் கேட்டு நின்ற கோபம், பஸ் தாமதமானதற்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்த கோபம், வீங்கிய காலை இரவெல்லாம் சுவரில் தூக்கி வைத்துப் படுத்த கோபம், எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்திருந்தன. இத்தனை கோபம் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

இந்த மாதச் சம்பளம் கிடைக்காது என்று திருப்பதி அவள் காதோரம் குனிந்து சொன்னான்.

 அந்தப் பணத்தை நம்பித்தான் வீட்டில் தீபாவளியே இருந்தது.

"வச்சுக்கங்க" என்றாள். மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

ஆலங்குடி அம்மாள் கையில் வைத்திருந்த வேறொரு சேலையைக் கீழே போட்டார். "அந்தப் புள்ள படிச்ச சர்டிஃபிகேட்டு ஒங்களுக்கு எதுக்குப்பா?" என்று அவரும் கத்தினார். நான்கைந்து பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

திருப்பதிக்கு வியர்த்துவிட்டது. இலக்கியாவைக் கணக்கறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். பீரோ திறந்தது.

அவ்வளவுதான் வேலை. இதற்கா காலையிலிருந்து நாய் மாதிரி அலையவிட்டான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரைக்கும் ஃபைல்கள். அத்தனையும் யார் யாரோ கடன் வாங்கிப் படித்த படிப்பு. அவளுடையதை அவன் இழுத்தபோது, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு ஃபைலும் கூடவே வந்து தரையில் விழுந்தது. இலக்கியா அதைக் கவனிக்கவில்லை. தன்னுடைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

பிறகுதான் குனிந்து கீழே கிடந்ததை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிப் போன பழைய ஃபைல். மேலே பெயர் எழுதியிருந்தது. மு. திருப்பதி, பி.காம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் சீசனுக்குன்னுதான் வந்தேன்" என்றான் அவன். "பதினோரு வருசமாச்சு."

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நாளெல்லாம் அவன்மேல் இருந்ததைவிட அதிகமாக இப்போதுதான் ஆத்திரம் வந்தது. பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்றாள். "சாவி ஒங்க கையிலதான இருக்கு?"

திருப்பதி அவள் கையிலிருந்த ஃபைலை வாங்கினான். தூசியை உள்ளங்கையால் துடைத்தான்.

பிறகு இருந்த இடத்திலேயே வைத்துப் பீரோவைப் பூட்டினான். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியை இழுத்தும் பார்த்துக்கொண்டான்.