முப்பத்தொன்றாம் குடில்

நார்மண்டிக் கரையிலுள்ள எங்கள் ஊர்க் கடற்கரையில், கோடைக்கு வருபவர்கள் வாடகைக்கு எடுக்கும் மரக்குடில்கள் முப்பதுதான். முப்பத்தொன்றாவதை முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு புயலில் கடல் கொண்டுபோனது. உள்ளே இருந்தவர்கள் என்னோடு நகராட்சியில் வேலை பார்க்கும் அர்மெலின் அப்பா, அம்மா, தங்கை. அர்மெல் ரொட்டி வாங்கப் போயிருந்தாள்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் அடுத்த கோடைக்கான விண்ணப்பங்கள் எங்கள் மேசைக்கு வரும். அவற்றில் ஒன்று ஈரமாக இருக்கும். முப்பத்தொன்றாம் குடில், மூன்று பேர் என்று அவளுடைய அம்மாவின் கையெழுத்தில் எழுதியிருக்கும். அர்மெல் கிழித்துப் போடுவாள்.

இந்த ஆண்டு நான்கு பேர் என்றிருந்தது.

"எவனோ விளையாடுறான்டி. கிழிச்சுப் போடு," என்றேன்.

"எத்தனை வருஷம்தான் கிழிக்கிறது, இவெத்? அம்மாவும் விடுறதா இல்ல."

அதில் அனுமதி முத்திரையைக் குத்திவிட்டு, அர்மெல் அடுத்த விண்ணப்பத்தை எடுத்தாள்.